யூபிலி எண்டா அம்பது மட்டுமோ? வெள்ளி, பொன், வைரம், பவளம்: ஒரு நீண்ட பேச்சு

2025 ஏப்ரல் 27

திருகோணமலை உப்புவெளியில இருந்து ஒரு வாசகர் எழுதினது:

"எங்கட பள்ளிக்கூடத்துக்கு 75 வருசம் ஆகுது. பழைய மாணவர் சங்கம் அழைப்பிதழ்ல வைர விழா எண்டு போட்டிருக்கு, ஒரு ரீச்சர் அது பவள விழா எண்டு நிக்கிறா. என்ர பிரச்சினை அது இல்லை. யூபிலி எண்ட சொல்லே அம்பது வருசத்துக்கு மட்டும் உரியது, வேதாகமத்தில அப்பிடித்தான் கிடக்கு. வெள்ளி யூபிலி, வைர யூபிலி எல்லாம் வெள்ளைக்காரன் பிறகு சோடிச்சது. ஆராவது மறுப்பீங்களோ?"

2025 ஏப்ரல் 27, பின்னேரம்

நான் மறுக்கிறன், ஆனா முழுக்க இல்லை.

அம்பது எண்டதுக்கு லேவியராகமம் 25ஆம் அதிகாரம் சாட்சி, அதில சந்தேகம் இல்லை. ஏழேழு நாப்பத்தொம்பது வருசம் எண்ணி, அம்பதாம் வருசத்தில ஏழாம் மாசம் பத்தாந் தேதி எக்காளம் ஊதி நாடு முழுக்க விடுதலை கூறவேணும். வித்த காணி பழைய குடும்பத்துக்குத் திரும்பும், கடன்பட்டு அடிமையாப் போனவன் பிள்ளைகுட்டியோட தன்ர வீட்டுக்குத் திரும்புவான், அந்த வருசம் விதைப்பும் இல்லை அறுப்பும் இல்லை. ஊதுற எக்காளம் செம்மறிக் கடாவின்ர கொம்பு. எபிரேயத்தில யோபேல் எண்டா முதல்ல அந்தக் கடா, பிறகு கொம்பு, பிறகு கொம்பு ஊதித் தொடங்கிற வருசம். தமிழ் வேதாகமத்தில அது யூபிலி வருஷம்.

லத்தீனுக்குப் போன இடத்திலதான் சொல் திரும்பினது. லத்தீன்ல யூபிலாரே எண்டு ஏற்கெனவே ஒரு வினை இருந்தது, சந்தோசத்தில கூவுறது எண்டு அர்த்தம், எபிரேயத்தோட ஒரு உறவும் இல்லாத சொல். ஒலி கிட்டக்கிட்ட இருந்ததால ரெண்டும் ஒட்டி யூபிலேயுஸ் எண்டு ஆச்சு. விடுதலை எண்ட சொல்லுக்குள்ள கொண்டாட்டம் நுழைஞ்சது அந்த வாசலாலதான்.

இனி அம்பது மட்டும்தானோ எண்ட கேள்வி. பாப்பரசர் எட்டாம் பொனிபாஸ் 1300இல முதல் யூபிலியை அறிவிச்சபோது நூறு வருசத்துக்கு ஒருக்கா எண்டுதான் நினைச்சவர். ஆறாம் கிளமெந்து அதை அம்பதாக் குறைச்சு 1350இல வைச்சார், ஆறாம் உர்பன் இயேசுவின்ர வயசை வைச்சு 33 எண்டார், இரண்டாம் பவுல் 1470இல 25 எண்டு தீர்த்தார், மனுசன் ஒருத்தன் தன்ர ஆயுசில ஒரு யூபிலியாவது காணவேணும் எண்ட நோக்கம். 1475இல இருந்து அந்தக் கணக்குத்தான். 2000, இப்ப 2025, எல்லாம் அந்த வழியில வாறது. நேத்து உரோமையில அடக்கம் பண்ணின பாப்பரசர் பிரான்சிஸ் போன நத்தாருக்கு முதல் நாள் இராத்திரி கதவைத் திறந்து தொடக்கின யூபிலி இப்பவும் நடந்துகொண்டிருக்கு. அப்ப 25க்கு யூபிலி எண்டு சொல்றதுக்கு அஞ்சு நூற்றாண்டுக்கு மேல வயசு.

வைர விழாவில மட்டும் நீங்கள் சொல்றதில ஞாயம் இருக்கு. அதைப் பிறகு எழுதுறன்.

2025 ஏப்ரல் 28

ஒண்டு சொல்ல விட்டுப்போச்சு. நான் டவுணில ஒரு அச்சகத்தில கனகாலம் புரூஃப் பாத்தவன். பள்ளிக்கூட மலர், கோயில் மலர், சங்க மலர், குருத்துவ வெள்ளி விழா மலர், மணிவிழா மலர் எல்லாம் என்ர கையால போனது. ஒரே மலர்ல அதிபரின்ர செய்தியில யூபிலி, கல்விப் பணிப்பாளரின்ர செய்தியில ஜூபிலி, மலர்க்குழுவின்ர உரையில ஜுபிலி. எங்கட கத்தோலிக்க ஆக்கள் யூபிலி எண்டுதான் சொல்லுவினம், யேசு, யாக்கோபு, யோசேப்பு மாதிரி. ஜூபிலி எண்டவை இங்கிலிசில இருந்து எடுத்தவை. ரெண்டும் ஒரே சொல் வேற வேற பாதையால வந்தது, ரெண்டும் நிக்கலாம், ஆனா ஒரு மலருக்குள்ள ஒண்டுதான் நிக்கவேணும். இதுக்காக நான் பட்ட பாடு சொல்லி மாளாது, பெரிய ஆக்களின்ர வாழ்த்துச் செய்தியில கை வைக்க ஒருத்தருக்கும் துணிவில்லை.

2025 மே 1

வைரம். இது கொஞ்சம் நீளும்.

25க்கு வெள்ளி, 50க்குப் பொன் எண்டது ஜேர்மன்காரர் கலியாண வருசத்துக்கு வைச்ச பழக்கம், பிறகு இங்கிலாந்துக்குப் போனது. வைரம் முதல்ல 75க்கு உரியது. விக்டோரியா இராணி 1837இல பட்டத்துக்கு வந்தவ, 1887இல பொன்விழா, 1897இல அறுபது வருசம் முடிய அதை வைர யூபிலி எண்டு கொண்டாடிச்சினம். அந்தக் கொண்டாட்டம் பேரரசு முழுக்க நடந்ததால 60க்கு வைரம் எண்டு உலகம் பழகிப்போச்சு. ஆனா பழைய 75 சாகேல்லை. அதாலதான் இண்டைக்கும் இலங்கையில ஒரு பள்ளிக்கூடம் 60க்கும் வைர விழா வைக்கும், பக்கத்துப் பள்ளிக்கூடம் 75க்கும் வைர விழா வைக்கும். ரெண்டு பக்கமும் பிழை இல்லை, ரெண்டுக்கும் பரம்பரை இருக்கு.

தமிழ் தனக்கெண்டு ஒரு வழி கண்டுபிடிச்சது பவளத்திலதான். இங்கிலிஸ் பட்டியல்ல பவளம் 35. முத்து 30, மாணிக்கம் 40, நீலம் 45, மரகதம் 55. அந்தப் பட்டியலில பாதிக்கு மேல 1937இல அமெரிக்க நகை வியாபாரிகள் சங்கம் நிரப்பினது, ஒவ்வொரு வருசத்துக்கும் ஒரு சாமான் விக்கவேணும் தானே. தமிழ்ல 75க்குப் பவள விழா எண்டு சொல்றது அதைப் பாத்து எழுதினதில்லை, இது நாங்களாப் போட்ட கணக்கு. தமிழ்நாட்டில ஒரே கட்சியில பாருங்கோ, கருணாநிதி சட்டசபைக்குப் போய் அறுபது வருசம் முடிஞ்சதுக்கு 2017இல வைர விழா வைச்சவை, அதே வருசம் முரசொலிப் பத்திரிகைக்கு 75 எண்டு பவள விழா வைச்சவை, 2024இல கட்சிக்கு 75 எண்டு திரும்பவும் பவள விழா. 60 வைரம், 75 பவளம், குழப்பமே இல்லை. எனக்கு இந்தக் கணக்குப் பிடிச்சிருக்கு. ரீச்சர் சொல்றதுதான் நல்ல தமிழ் வழக்கு எண்டது என்ர முடிவு. ஆனா சங்கம் வைரம் எண்டு போட்டதைப் பிழை எண்டு மேடையில சொல்லி ஒருத்தரையும் நோகடிக்கத் தேவையில்லை.

முத்து விழா எண்டு 80க்குச் சொல்றவையும் இருக்கினம், 30க்குச் சொல்றவையும் இருக்கினம். அதை நான் புரூஃபில கண்டா உடன வருசத்தைப் பக்கத்தில எழுதச் சொல்லுவன்.

2025 மே 1, இரவு

பிளாட்டினம் எண்டு ஒராள் கேட்டிருக்கிறார். எலிசபெத் இராணிக்கு 2012இல 60க்கு வைரம், 2017இல 65க்கு நீலம், 2022இல 70க்கு பிளாட்டினம். கொழும்புக் கொம்பனிகள் சிலது 75க்கு பிளாட்டினம் எண்டு போடுதுகள். தமிழ்ல அந்தச் சொல்லுக்கு ஒரு வாசமும் இல்லை, என்னைக் கேட்டா வேண்டாம்.

2025 மே 6

லிங்கநகர் தங்கச்சி ஒராள் கேட்டது நல்ல கேள்வி: "75ஆவது ஆண்டு விழா எண்டதும் 75 ஆண்டு நிறைவு விழா எண்டதும் ஒண்டோ?"

இல்லை, ஒரு வருசம் இடிக்கும். 1950இல தொடங்கின பள்ளிக்கூடத்துக்கு 1950 முதலாவது ஆண்டு எண்டா 2024 எழுபத்தஞ்சாவது ஆண்டு. நிறைவு 2025. பிள்ளைக்கு "இருபது முடிஞ்சு இருபத்தொண்டு நடக்குது" எண்டு சாத்திரியார் சொல்ற கணக்குத்தான்.

நாடுகளே இதில ஒத்துப்போகேல்லை. இந்தியா 2022இல 75 வருசம் நிறைஞ்சதைக் கொண்டாடினபோது அண்டைய சுதந்திர தினத்துக்கு 76ஆவது எண்டு எண் போட்டது, ஏனெண்டா 1947 ஓகஸ்ட் 15 அவைக்கு முதலாவது. எங்கட நாடு 2023இல 75ஆவது சுதந்திர தினம் எண்டது, 1948 பெப்ரவரி 4ஐ எண்ணேல்லை. ரெண்டு பக்கமும் தன்தன்ர கணக்கில சரி. மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்கு இங்கிலாந்தில 1809 ஒக்ரோபர்ல பொன்விழா வைச்சவை, அவர் பட்டத்துக்கு வந்தது 1760. அதாவது அம்பதாவது வருசம் தொடங்கேக்கயே விழா. லேவியராகமத்து அம்பதும் நாப்பத்தொம்பதுக்குப் பிறகு தனி வருசமோ, இல்லை அடுத்த ஏழின்ர முதல் வருசமோ எண்டு பண்டைய யூத அறிஞர்களே வாதாடியிருக்கினம்.

ஆனபடியா அழைப்பிதழ்ல "1950 – 2025" எண்டு ரெண்டு வருசத்தையும் போடுங்கோ, கீழ நிறைவு எண்டு எழுதுங்கோ. பேர் வைரமோ பவளமோ, வருசம் நிண்டா நாளைக்கு வாசிக்கிறவனுக்கு விளங்கும். நான் பழைய மலர்கள் கனக்கப் பாத்திருக்கிறன், முன்னட்டையில பொன்விழா மலர் எண்டு மட்டும் கிடக்கும், உள்ள ஒரு இடத்திலயும் வருசம் இருக்காது. எப்ப தொடங்கின சங்கம், எப்ப அடிச்ச மலர் எண்டு ஒண்டும் தெரியாது, விளம்பரத்தில இருக்கிற ரெலிபோன் நம்பர் எத்தனை இலக்கம் எண்டு பாத்துத்தான் காலம் மதிக்கிறது.

2025 மே 11

திருகோணமலையில இந்த வருசங்கள் எப்பிடிக் கிட்டக்கிட்ட வந்தது எண்டு யோசிச்சுப் பாத்தன். புனித சூசையப்பர் கல்லூரி 1867, இந்துக் கல்லூரி 1897, ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி 1923. அப்ப 2017இல ஒண்டுக்கு 150, 2022இல ஒண்டுக்கு 125, 2023இல ஒண்டுக்கு நூறு. அச்சகத்துக்கு அது நல்ல காலமா இருந்திருக்கவேணும், 2022இல பெற்றோல் வரிசையும் கரண்ட் வெட்டும் பேப்பர் விலையும் சேர்ந்து எல்லாத்தையும் குழப்பிச்சுது.

150க்கும் 125க்கும் தமிழ்ல மணிப் பேர் ஒண்டும் ஊண்டேல்லை. நூற்றைம்பதாவது ஆண்டு விழா எண்டுதான் எழுதுறது. நல்லதாப் போச்சு எண்டு நினைக்கிறன், நூறு தாண்டினாப் பிறகு எண்ணே போதும், அதுக்கு மேல நகை பூட்டத் தேவையில்லை.

எங்கட ஊரின்ர பேரைச் சுமந்த ஒரு கப்பலுக்கும் 2017இல இருநூறு. எச்.எம்.எஸ். திருகோணமலை, 1817 ஒக்ரோபர்ல பம்பாயில வாடியா குடும்பத்துக் கப்பல்கட்டும் தளத்தில மலபார்த் தேக்கில கட்டி இறக்கினது. இப்பவும் இங்கிலாந்தில ஹார்ட்டில்பூல் எண்ட துறைமுகத்தில மிதந்துகொண்டு நிக்குது. எங்கட ஊரின்ர பேரை அந்தக் கப்பலுக்குக் குடுத்து இருநூறு வருசம் ஆனதை இஞ்ச ஒருத்தரும் பேசேல்லை, அது எனக்கு இப்பவும் கவலை. பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வைச்சிருந்தாக்கூடக் காணும்.

2025 மே 19

ஒரு பெரிய கேள்விக்கு வாறம். மூதூர்ப் பக்கத்து அண்ணை எழுதினது: "செத்தவையின்ர 25ஆவது வருசத்தை வெள்ளி விழா எண்டு ஏன் சொல்றேல்லை?"

தமிழ் இதில திட்டமா இருக்கு. விழா எண்ட சொல் துக்கத்துக்குப் போகாது. வீட்டில திவசம், திதி, ஆண்டுத் திவசம். பேப்பர்ல 25ஆம் ஆண்டு நினைவஞ்சலி. இங்கிலிசில ஒரே சொல் கலியாணத்துக்கும் போகும், குண்டு வெடிச்ச நாளுக்கும் போகும், அதால இங்கிலிசில இருந்து மொழிபெயர்க்கிறவை சிலவேளை சுனாமி பத்தாம் ஆண்டு விழா எண்டு எழுதிப்போடுவினம். அப்பிடி ஒரு புரூஃப் என்ர மேசைக்கு வந்தது. என்ஜிஓ ஒண்டின்ர அறிக்கை. நான் பேனையைக் கீழ வைச்சிட்டு வெளியில போய் நிண்டிட்டுத்தான் திரும்பி வந்தனான். அந்த நாள் கடல் எங்க மட்டும் வந்தது எண்டு பாத்த ஆக்கள் வாசிக்கப்போற பேப்பர் அது. திருத்திக் குடுத்தம்.

ஜயந்தி எண்ட சொல்லும் அப்பிடித்தான், பிறந்தநாளுக்கு மட்டும். காந்தி ஜயந்தி, விவேகானந்தர் ஜயந்தி. மறைஞ்ச நாளுக்குச் சிரார்த்த தினம், குருபூசை. எங்கட சைவ ஆக்களுக்கு நாயன்மார் மறைஞ்ச நாள் குருபூசை நாள், அதில துக்கம் இல்லை, அது முத்தியடைஞ்ச நாள். துக்கமும் இல்லாத விழாவும் இல்லாத ஒரு நடுச்சொல் எங்களிட்ட இருக்கிறதை நினைக்கச் சந்தோசமா இருக்கு.

கடற்கரையில காந்தி சிலைக்குக் கிட்ட 2006 ஜனவரி 2ஆந் தேதி சுடப்பட்ட அந்த அஞ்சு மாணவர்களுக்கு வாற ஜனவரியோட இருபது வருசம். அதுக்கு எந்த மணியின்ர பேரும் வைக்க முடியாது. நினைவுநாள், அவ்வளவுதான்.

2025 மே 20

நேத்து எழுதினதுக்கு ஒட்டி. விழாவும் பொருந்தாமல் நினைவும் பொருந்தாமல் போற இடமும் உண்டு. 2023இல மலையக மக்கள் இந்தியாவில இருந்து தோட்ட வேலைக்கு வந்து இருநூறு வருசம். கொண்டாடுறதோ, என்னத்தைக் கொண்டாடுறது, நடந்து செத்தவையின்ர எலும்பு வழி நெடுகக் கிடந்த கதையையோ எண்டு ஒரு பக்கம். இவ்வளவத்துக்குப் பிறகும் நிமிர்ந்து நிக்கிறமே, அதைக் கொண்டாடாமல் என்ன எண்டு மற்றப் பக்கம். கடைசியில "மலையகம் 200" எண்டு எண்ணை மட்டும் வைச்சு, தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நடந்தவை. அந்தப் பேர் வைச்சது ஆரோ, எனக்கு அவையில பெரிய மரியாதை. சொல் இல்லாத இடத்தில எண்ணைத் தனிய நிக்க விட்டது எவ்வளவு பொருத்தம்.

2025 ஜூன் 3

அறுபது. இதில நாங்கள் இங்கிலிசுக்காரரிட்ட ஒண்டும் கடன் வாங்கேல்லை.

எங்கட வருசப் பேர் பிரபவ தொடங்கி அட்சய வரை அறுபது. இப்ப நடக்கிறது விசுவாவசு, இதுக்கு முதல் விசுவாவசு 1965 சித்திரையில பிறந்தது. அந்த வருசம் பிறந்தவைக்கு அறுபது நிறைய, பிறந்த வருசத்தின்ர பேரே திரும்பி வருது. வியாழன் ராசிச் சக்கரத்தைச் சுத்தப் பன்ரெண்டு வருசம் கிட்ட, சனிக்கு முப்பது வருசம் கிட்ட, ரெண்டும் சேர்ந்து பழைய இடத்துக்கு வர அறுபது. வைரமும் இல்லை தங்கமும் இல்லை, வானத்தைப் பாத்துப் போட்ட கணக்கு.

தமிழ்நாட்டில அறுபதாம் கலியாணம், திருக்கடையூர், திரும்பத் தாலி கட்டுறது. எங்கட பக்கம் அது குறைவு. இஞ்ச மணிவிழா எண்டா மேடை, பொன்னாடை, வாழ்த்துப்பா, மலர். அதிபரோ எழுத்தாளரோ பென்சன் எடுக்கிற வயசோட ஒட்டி வரும். என்ர மாமாவுக்கு நாங்கள் மணிவிழா வைக்கவேணும் எண்டு நிண்டம், அவர் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவர், பிள்ளையள் மலர் போடுவம் எண்டு வந்ததுகள். மாமி சொன்னா, மலர் வேண்டாம், உந்தக் காசில படிப்பு நிப்பாட்டின பிள்ளையள் ரெண்டு பேருக்கு ரியூசன் காசு கட்டுங்கோ எண்டு. அவ வேதாகமம் வாசிச்சவ இல்லை. பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய் வாற ஆள். ஆனா யூபிலி எண்ட சொல்லின்ர பழைய அர்த்தத்தை அவதான் செய்து காட்டினவ.

80க்குச் சதாபிஷேகம், ஆயிரம் பிறை கண்டவர் எண்டு சொல்றது. கணக்குப் போட்டுப் பாத்தா ஒரு பிறைக்கும் அடுத்த பிறைக்கும் இடையில இருபத்தொம்பதரை நாள் சொச்சம், ஆயிரம் பிறைக்கு எண்பது வருசமும் பத்து மாசமும் கிட்ட. ஆனபடியா எண்பது நிறைஞ்ச உடன செய்யாமல் சில மாசம் பொறுத்துச் செய்யிறவைதான் கணக்கறிஞ்ச ஆக்கள்.

2025 ஜூன் 4

கிண்ணியா வாசகர் ஒராள் கேட்டிருக்கிறார், மதரசாவுக்கு ஹிஜ்ரிக் கணக்கில அம்பது வருசம் ஆயிட்டுது, இங்கிலிஸ் கணக்கில இன்னும் இல்லை, எப்ப பொன்விழா வைக்கிறது எண்டு. ஹிஜ்ரி வருசம் 354 நாள் கிட்ட, அம்பது ஹிஜ்ரி வருசம் நாப்பத்தெட்டரை சூரிய வருசம், நூறு எண்டா 97. ரெண்டு கணக்கையும் பேரோட எழுதி, எந்தக் கணக்கில வைக்கிறம் எண்டு அழைப்பிதழ்ல ஒரு வரி போட்டாக் காணும். கிண்ணியாவில அது ஒருத்தருக்கும் புதுசாவும் இருக்காது.

2025 ஜூன் 22

இழை எங்கயோ போகுது எண்டு உப்புவெளித் தம்பி குறைப்படுகிறார். படத்தைப் பற்றியும் ஒருத்தர் கேட்டதால அதையும் சொல்லிப்போட்டு வாறன். படத்துக்கு வெள்ளி விழா எண்டா வருசம் இல்லை, கிழமை. இருபத்தஞ்சு கிழமை, 175 நாள். பொன்விழா எண்டா அம்பது கிழமை. எண்பதுகளில நடிகர் மோகனுக்கு வெள்ளி விழா நாயகன் எண்டே பேர். இப்ப ஒரு படம் தியேட்டர்ல நாலு கிழமை நிக்கிறதே பெரிய காரியம், அந்தச் சொல் எங்கட கண்ணுக்கு முன்னால பழசாகுது.

சரி, தம்பியின்ர முதல் கேள்விக்கு. நீங்கள் அம்பதுக்காக வாதாடுறீங்கள். நான் அதே அதிகாரத்தில வேற வசனத்துக்காக வாதாடுறன். காணியை விக்கேக்க அடுத்த யூபிலிக்கு எத்தனை விளைச்சல் இருக்கு எண்டு எண்ணித்தான் விலை பேசவேணும் எண்டு அதில இருக்கு. கூடின வருசம் எண்டா கூடின விலை, குறைஞ்ச வருசம் எண்டா குறைஞ்ச விலை. வாசிச்சவுடன எனக்குத் தம்பலகாமத்து வயல் ஞாபகம் வந்தது. எங்கட ஆக்கள் கந்தளாய்க் குளத்துத் தண்ணியை நம்பி, இத்தனை போகத்துக்கு எண்டுதான் குத்தகை பேசுறது. அங்க விக்கிறது நிலத்தை இல்லை, விளைச்சலை. நிலம் குடும்பத்துக்குத்தான். மதில் உள்ள பட்டணத்து வீட்டுக்கு மட்டும் விதிவிலக்கு, வித்து ஒரு வருசத்துக்குள்ள மீட்காட்டி வாங்கினவனுக்கே போகும், யூபிலியிலயும் திரும்பாது. அவ்வளவு நுணுக்கமா எழுதின சட்டம்.

இதை ஏன் சொல்றன் எண்டா, எங்கட மாவட்டத்தில காணி திரும்புறது எண்டா என்ன எண்டு தெரியாத ஆக்கள் இல்லை. சம்பூர்ச் சனம் 2006இல சண்டையால எழும்பி ஓடினது, 2015லயும் 2016லயும்தான் கட்டங்கட்டமாக் காணி விடுபட்டுது. அதுக்கிடையில முகாம்களிலயும் சொந்தக்காரர் வளவுகளிலயும் கிடந்ததுகள். பேப்பர்ல வந்த சொல் காணி விடுவிப்பு. வேதாகமத்தில வாற சொல் விடுதலை. தங்கட வளவில பனை எது கிணறு எது எண்டு தேடித் திரிஞ்ச ஒரு ஐயாவோட நான் கதைச்சனான், அவருக்கு அது எத்தினையாவது வருசம் எண்டு ஒரு கணக்கும் தேவைப்படேல்லை.

1998இல நாட்டுக்குப் பொன்விழா எண்டவை. தலதா மாளிகையில குண்டு வெடிச்சதால கண்டியில வைக்க இருந்த விழாவைக் கொழும்புக்கு மாத்தினவை. இஞ்ச நாங்கள் செக்பொயிண்டில ஐடென்டிக் கார்ட்டைக் கையில பிடிச்சுக்கொண்டு வரிசையில நிண்டம், ரேடியோவில பொன்விழா எண்டு சொல்லக் கேட்டம். அம்பது வருசம் எண்டது சரி. தம்பியின்ர கணக்குப்படி சரியான யூபிலி அது. ஆனா ஆருக்கு என்ன திரும்பினது? அண்டைக்குத்தான் எனக்கு உறைச்சது, இந்தச் சொல்லில அம்பதைவிடத் திருப்பிக் குடுக்கிறதுதான் பெரிசு எண்டு. 25க்கு வைச்சாலும் சரி 75க்கு வைச்சாலும் சரி, ஒருத்தனுக்கு ஏதாவது திரும்பினா நான் யூபிலி எண்டு எழுத ஒத்துக்கொள்ளுவன். ஒண்டும் திரும்பாட்டி ஆண்டு விழா எண்டு எழுதுங்கோ, அதுவும் நல்ல சொல்தான்.

2025 ஜூன் 23

ஃபாதர் ஒருவர் எழுதினார், யூபிலி வருசத்தில கடன் மன்னிக்கிறதைச் சபை விட்டுப்போடேல்லை எண்டு. உண்மை. 2000ஆம் ஆண்டு யூபிலியை ஒட்டி ஏழை நாடுகளின்ர கடனைத் தள்ளவேணும் எண்டு உலகம் முழுக்க ஒரு இயக்கமே நடந்தது, அப்ப பாப்பரசரா இருந்த இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (இரண்டாம் ஜோன் போல்) அதுக்கு ஆதரவு. இந்த 2025க்கும் பாப்பரசர் பிரான்சிஸ் அதையே கேட்டவர். கடன் கட்ட ஏலாமல் 2022இல கையை விரிச்ச நாட்டில இருந்து வாசிக்கிற எங்களுக்கு அது பிரசங்கம் மட்டும் இல்லை.

2025 ஜூலை 14

உப்புவெளித் தம்பி அழைப்பிதழின்ர புதுப் புரூஃபை அனுப்பினவர். ரீச்சரும் சங்கமும் இருந்து பேசி "பவள விழா, 75 ஆண்டு நிறைவு, 1950 – 2025" எண்டு போட்டிருக்கினம். சங்கத்துச் சந்தாப் பாக்கி இருக்கிற ஆக்களின்ர பாக்கியை இந்த வருசத்தோட வெட்டுறம், எல்லாரும் விழாவுக்கு வரலாம் எண்டு கீழ ஒரு வரி. அந்த வரியைத் தம்பிதான் கேட்டுச் சேர்ப்பிச்சவராம். அப்ப மேல யூபிலி எண்டும் போடலாம், எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. பிளெக்ஸ் அடிக்க முதல் "ஆண்டு" வில ரெண்டு சுழி ன விழுந்து கிடக்கிறதை மட்டும் திருத்தச் சொல்லுங்கோ.

2026 ஜனவரி 7

நேத்து உரோமையில பாப்பரசர் பதினாலாம் லியோ பேதுரு பேராலயக் கதவை அடைச்சு யூபிலியை முடிச்சார். ஒருத்தர் திறந்து இன்னொருத்தர் அடைச்சது இது முதல்தரம் இல்லை, 1700இலயும் பன்னிரண்டாம் இன்னொசென்ட் காலத்தில தொடங்கினதைப் பதினொராம் கிளமெந்து முடிச்சவர்.

சிங்களத்தில பனர்ல என்ன போடுறது எண்டு கேட்டு ரெண்டு பேர் எழுதியிருக்கிறீங்கள். அங்கயும் ஜுபிலி எண்டும் சொல்லுவினம், ஜயந்தி எண்டும் சொல்லுவினம், வெள்ளிக்கு ரஜத ஜயந்தி, பொன்னுக்கு ஸ்வர்ண ஜயந்தி. 1956இல நாடு முழுக்க நடந்த புத்த ஜயந்தி 2500 வருசக் கணக்கு. எங்களுக்கு ஜயந்தி பிறந்தநாளுக்கு மட்டும், அவைக்கு நிறுவனத்துக்கும் போகும். ஆனபடியா தமிழ்ல பவள விழா எண்டதைச் சொல்லுக்குச் சொல் மாத்தாமல், சிங்களம் தெரிஞ்ச ஆளிட்டக் குடுத்து அவையின்ர வழக்கில எழுதுவியுங்கோ, 75 எண்ட எண் மூண்டு மொழியிலயும் ஒண்டா நிக்கட்டும்.